தலைக்கும் கூரைக்கும் இடையில்

ரெனால்டின் உயரம் ஆறடி மூன்று அங்குலம். உயரம் மட்டும் என்றால் சமாளித்திருப்பார். தோள், வயிறு, தொடை எல்லாம் அந்த உயரத்துக்கு ஏற்ற அளவிலேயே இருந்தன. கொட்டாஞ்சேனையில் அவர் பிறந்து வளர்ந்த சந்துபோன்ற ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குள் குனிந்துதான் போக வேண்டும். அது அவருக்குப் பழகிவிட்டது. பழகாமல் போனது வாகனங்கள்தான்.

பஸ்ஸில் நின்றால் கழுத்தை மடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருந்தால் முழங்கால் முன் சீற்றில் முட்டும். பக்கத்தில் இருப்பவர் பாதி உடம்பு வெளியே தொங்க வருவார், இறங்கும்போது ஒரு பார்வை பார்ப்பார். ஓட்டோவில் ஏறினால் வீதி தெரியாது, சாரதியின் முதுகுதான் தெரியும். சில சாரதிகள் அவர் ஏறியதும் இறங்கிப்போய்ப் பின் சக்கரத்து ரயரை ஒருதரம் பார்த்துவிட்டு வருவார்கள். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கும் வேலை. வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் அந்தச் சின்னத் தூரத்தை வருடக்கணக்கில் அவர் குறுகிக்கொண்டேதான் போய்வந்தார்.

ஆகவே 2018இல் அவர் ஜீப் வாங்கியபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கொழும்பில் உயரமான கார் எல்லாமே ஜீப்தான். காட்டுக்குப் போகிறதோ இல்லையோ பெயர் அதுதான். இது ஜப்பானில் கொஞ்சம் ஓடிவிட்டு வந்த ஏழு சீற் வண்டி. கறுப்பு நிறம், கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி. அப்போது ரெனால்டுக்குக் கலியாணமாகவில்லை. வீட்டில் அவரும் தாய் மாக்ரெட்டும் மட்டும். ஏழு சீற் எதற்கு என்று யாராவது கேட்டால் தன் உடம்பைக் கையால் காட்டுவார்.

"இந்த உடம்ப வேற எதுக்குள்ள வைக்கிறது?" என்பார்.

கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஜீப் அவருடைய ஒழுங்கைக்குள் வராது. ஜம்பட்டா வீதியில் ரயர் கடை வைத்திருந்த முர்ஷித் என்பவரின் பின் வளவில் அதை நிறுத்த ஏற்பாடு செய்தார். காலையில் அங்கே நடந்துபோய் வண்டியை எடுப்பார். நெரிசலில் ஊர்ந்து கோட்டைக்குப் போய், நிறுத்த இடம் தேடி, அங்கிருந்து அலுவலகத்துக்கு மறுபடி நடப்பார். வீட்டிலிருந்து நேரே நடந்திருந்தால் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகியிருக்கும். அவர் அதை யோசிக்கவில்லை. ஹோட்டல் வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார். ட்ரபிக் பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை மறித்து அவருக்கு வழிவிட்டார். பஸ்காரர்களே கொஞ்சம் ஒதுங்கினார்கள்.

மாக்ரெட்டுக்கு மட்டும் அந்த வண்டி ஒத்துவரவில்லை. அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. ஜீப்பின் படியோ உயரம். ரெனால்ட் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கிப் பின்னால் போட்டுவைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அதை எடுத்து வைப்பார், தாய் அதில் ஏறி, பிறகு வண்டியில் ஏறுவார். "பஸ்ஸுக்குக்கூட இவ்வளவு ஏறத் தேவையில்ல மகன்" என்று ஒருமுறை சொன்னார். பிறகு சொல்லவில்லை. மகன் நிமிர்ந்து இருந்து ஓட்டுகிறான் என்பதில் அவருக்குத் திருப்தி.

2022இல் எரிபொருள் இல்லாமல் போனது. பெற்றோல் வரிசைகள் வீதிக்கு வீதி நீண்டன. பிறகு வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கு வந்தபோது சின்னக் காருக்கும் ஜீப்புக்கும் ஒரே அளவுதான். அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்த ஷிம்னாவின் கார் அந்தப் பங்கில் பேலியகொடையிலிருந்து வாரம் முழுக்க வந்துபோனது. ரெனால்டின் ஜீப் பாதி வாரத்திலேயே முர்ஷித்தின் வளவில் நின்றுவிடும். மிச்ச நாட்கள் அவர் நடந்தார். நடப்பது கஷ்டமாக இருக்கவில்லை என்பதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பெற்றோல் வந்ததும் நடையை விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வரும் ஒருவர் மூலம் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண் பெயர் றேணுகா. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வெள்ளவத்தையில் குடியிருப்பவர்கள். கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. வயது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. வந்து பார்த்துக் கதைக்கட்டும் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

ரெனால்ட் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தனியாகப் போனார். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை. இரண்டு பக்கமும் தொடர்மாடிகள், இரண்டு பக்கமும் வாகனங்கள். சொன்ன கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் ஜீப்பைத் திருப்பினார். முன்பக்கம் உள்ளே போனது, பின்பக்கம் வாசல் தூணோடு நின்றது. பின்னுக்கு எடுத்தார். மறுபடி முயன்றார். ஒழுங்கையில் அவருக்குப் பின்னால் மூன்று நான்கு வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. அப்போது ஒரு சின்ன உருவப் பெண் படியால் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"உப்பிடி வராது. தூண் இடிக்கும்," என்றார். "முழுக்க வெளியில எடுத்திட்டு, ரிவேர்ஸில வாங்கோ. நான் சொல்லுறன்."

அவர் சொன்னபடி ரெனால்ட் செய்தார். வண்டி உள்ளே வந்தது. இறங்கி நன்றி சொல்லிவிட்டு, மேலே றேணுகா என்று ஒருவர், எந்தக் கதவு என்று கேட்டார். அது நான்தான் என்றார் அந்தப் பெண். அவரின் உச்சி ரெனால்டின் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. இரண்டு பேரும் அந்த வித்தியாசத்தைப் பார்த்தார்கள். பிறகு றேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது, ரெனால்டுக்கும் வந்தது. லிப்டில் மேலே போகும்போதே இரண்டு பேருக்கும் பதில் தெரிந்துவிட்டது என்று பிற்பாடு சொல்வார்கள்.

கலியாணத்தின்போது றேணுகாவின் பெற்றோர் அந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஒழுங்கையில் மகனோடு போய் இருந்தார்கள். ரெனால்ட் வெள்ளவத்தைக்கு வந்தார். மாக்ரெட் கொட்டாஞ்சேனையை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். வீட்டோடு கீழ்த்தளத்தில் வாகனம் நிறுத்த ஓர் இடமும் இருந்தது. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் பக்கத்து வீட்டாரின் கார். ஜீப் அதற்குள் நிற்கும். ஆனால் நின்ற பிறகு சாரதியின் கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்கும். முதல் நாள் ரெனால்ட் உள்ளே இருந்தபடியே எல்லாப் பக்கமும் பார்த்தார். வெளியே வர வழி இருக்கவில்லை. வண்டியை மறுபடி வெளியே எடுத்துத்தான் இறங்கினார்.

அன்றிலிருந்து வழக்கம் இப்படி ஆனது. ரெனால்ட் வாசலில் இறங்கிவிடுவார். றேணுகா சீற்றை முன்னுக்கு இழுத்து, கீழே ஒரு குஷனைப் போட்டு, ஜீப்பை உள்ளே விட்டு, அந்தச் சாண் இடைவெளியால் உடம்பை நெளித்து வெளியே வருவார். காலையில் அதே போல எடுத்துக் கொடுப்பார். பெரிய உடம்புக்கு என்று வாங்கிய வண்டியை நிறுத்தி எடுக்க அந்த வீட்டின் சின்ன உடம்புதான் தேவைப்பட்டது. தொடர்மாடியில் சிலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். றேணுகாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் வரைகிற கட்டடங்கள் எல்லாவற்றிலும் வாகனம் நிறுத்த இன்னும் கொஞ்சம் அகலமாக இடம் கேட்கிறார்கள் என்றும், அதை வீடுகளிலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்றும் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். ரெனால்ட் வழக்கம்போலத் தன் உடம்பைக் காட்டினார். றேணுகா அதை ஏற்றுக்கொண்டார்.

2024 டிசம்பரில் சாந்த லூசியா பேராலயத் திருநாள். மாக்ரெட்டைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போக வேண்டும். ஜீப் கராஜில் இருந்தது. காலையிலிருந்து மழை. றேணுகா போனில் வாடகைக் கார் கூப்பிட்டார். வரப்போவது கொழும்பெங்கும் வாடகைக்கு ஓடும், பெட்டி போன்ற சின்னக் கார் என்று திரையில் காட்டியது. அதை ரத்துச் செய்துவிட்டு வேறு கூப்பிடச் சொன்னார் ரெனால்ட். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார், அந்தக் காரில் அவர் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. மழையில் வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. மாமி வெளிக்கிட்டு வாசலில் நிற்பார் என்றார் றேணுகா.

கார் வந்தது. சாரதியின் பெயர் சிறில், பாணந்துறைப் பக்கத்து ஆள். ரெனால்டைக் கண்டதும் முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளினார். ரெனால்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முதுகை வளைத்து ஏறினார். ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பம்பலப்பிட்டியில் சிக்னலில் நின்றபோதுதான் மெதுவாக நிமிர்ந்தார். தலை எங்கேயும் முட்டவில்லை. கையை உயர்த்தித் தலைக்கு மேல் தடவிப் பார்த்தார். நாலு விரல் இடம் இருந்தது.

தோள் சிறிலின் தோளோடு உரசியது உண்மை. ஆனால் கால் வசதியாக நீட்டியிருந்தது. பின்னால் இருந்த றேணுகா அவரின் கை மேலே போவதையும் இறங்குவதையும், பிறகு மறுபடி போவதையும் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் வாசலில் நின்றார். கார் கதவைத் திறந்ததும் கதிரையில் இருப்பதுபோல் சீற்றில் அமர்ந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்துவைத்தார். யாரும் உதவி செய்யவில்லை. "இது நல்ல வாகனம், யாருடையது?" என்று கேட்டார்.

பேராலய வாசலில் மற்ற இருவரும் இறங்கிய பிறகு ரெனால்ட் நின்றார். சாரதி சீற்றில் ஒருதரம் இருந்து பார்க்கலாமா என்று சிறிலிடம் சிங்களத்தில் கேட்டார். சிறில் மழையில் இறங்கி இடம் கொடுத்தார். ரெனால்ட் இருந்து பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். அங்கேயும் தலைக்கு மேல் நாலு விரல் இடம் இருந்தது. இறங்கி, சிறிலுக்குக் கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஜீப் கராஜிலிருந்து வந்த அன்று, அது வாசலில் நிற்கும்போதே றேணுகா அளவு நாடாவோடு இறங்கி வந்தார். ரெனால்ட் சாரதி சீற்றில் வழக்கம்போல் இருந்தார். அவரின் தலைக்கும் கூரைக்கும் இடையே அளக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் திறக்கிற கண்ணாடிக்காகக் கூரையின் உட்பக்கம் கீழே இறங்கியிருந்தது. தலைமயிர் அதில் பட்டது. படாமல் இருக்க அவர் சீற்றைச் சாய்த்து, கழுத்தை இடது பக்கம் கொஞ்சம் சரித்து வைத்திருந்தார். அது அவருடைய பழக்கம், பிறவியிலேயே அப்படி என்றுதான் றேணுகா இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். வெளியே மலை மாதிரி நின்ற வண்டிக்குள் அவருக்கு மிஞ்சிய இடம் அவ்வளவுதான்.

றேணுகா நாடாவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து சீற்றில் ஏறி இருந்தார். பகிடி பண்ணலாம் என்றுதான் இறங்கி வந்திருந்தார். ரெனால்டின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"அப்ப நான் ஏன் இத வாங்கினேன்?" என்று கேட்டார் ரெனால்ட்.

அவர் உண்மையாகவே கேட்டார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழை நாள் அலுவலகத்துப் பெண்கள் இரண்டு பேரோடு ஓட்டோ பிடித்தாராம். மாத்தயாவை, அதாவது ரெனால்டை, முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மற்றவர்களை ஏற்றுகிறேன் என்று சாரதி சொன்னாராம். சாரதி கேலி செய்யவில்லை, ரயருக்குப் பயந்துதான் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். அன்று நடந்து வீட்டுக்குப் போனார். ஜீப் வாங்கிய பிறகு, அதிலிருந்து இறங்கும்போது யாரும் அவர் உடம்பைப் பார்ப்பதில்லை. முதலில் வண்டியைப் பார்ப்பார்கள். அந்த வண்டிக்கு அவர் அளவான ஆளாகத் தெரிந்தார். இடம் காணுமா, தலை முட்டுகிறதா என்று வாங்கும்போது அவர் பார்க்கவே இல்லை. அதைச் சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

றேணுகா யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அதுக்காக வாங்கினது பிழையெண்டு நான் சொல்லேல்ல. உங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கு. ஆனா உடம்புக்காக எண்டு மட்டும் இனிச் சொல்லாதேங்கோ."

அவர் சரி என்றார்.

2025இல் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியது. நடுவருடத்தில் இரண்டு பேரும் இரத்மலானைப் பக்கம் வாகன விற்பனை வளவு ஒன்றுக்குப் போனார்கள். விற்பனையாளர் ரெனால்டைக் கண்டதும் ஜீப்கள் நின்ற வரிசைக்கு நேரே நடந்தார். ரெனால்ட் கடைசியில் நின்ற, அதே பெட்டி போன்ற சின்னக் காரைக் காட்டினார். மேடத்துக்கா என்று கேட்டார் விற்பனையாளர். எனக்குத்தான் என்றார் ரெனால்ட். அதைச் சொல்லும்போது காது சூடானது. கதவைத் திறந்து ஏறி இருந்தார், இறங்கினார், விலை கேட்டார். வெளியே வந்ததும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று றேணுகாவிடம் சொன்னார். றேணுகா வற்புறுத்தவில்லை.

அந்தக் கொஞ்ச நாள் நவம்பர் வரை நீண்டது. மாதக் கடைசியில் புயல் மழை கொட்டி களனி கங்கை பெருகியது. பேலியகொடையில் ஷிம்னாவின் தாயும் தகப்பனும் வீட்டில் இருந்தார்கள். ஷிம்னா வேலைக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார், அவருடைய கார் அந்தத் தண்ணீரில் அவர்கள் ஒழுங்கை வாசலைக்கூடத் தாண்டாது. ரெனால்ட் ஜீப்பை எடுத்தார். கங்கைப் பாலம் தாண்டியதும் வீதியோரம் சின்னக் கார்கள் இயந்திரத்துக்குள் தண்ணீர் போய் நின்றன. ஜீப் பம்பர் அளவு தண்ணீரில் மெதுவாக ஊர்ந்து போனது. ஷிம்னாவின் பெற்றோரையும் அடுத்த வீட்டுக் குடும்பத்தையும் ஏற்றினார். ஏழு சீற்றும் நிறைந்தது. பின்னால் சாமான் பைகளுக்கு ஓர் அங்குல இடமும் இருக்கவில்லை, எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை போனபோது தண்ணீர் ஏறிவிட்டது, பொலிஸார் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அங்கே போனது லொறிகளும் படகுகளும்தான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஒரு நாளுக்காவது பயன்பட்டது என்றார் ரெனால்ட். ஓம், அந்த நாளுக்கு அதுதான் சரி என்றார் றேணுகா. ஷிம்னாவின் தகப்பன் வயோதிபர், தண்ணீரில் நடக்க முடியாதவர். அதை இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும். சின்னக் கார்ப் பேச்சு அந்த வருடம் எழவில்லை.

பேச்சை மறுபடி எடுத்தது ரெனால்ட்தான். கழுத்து வலிக்கு டொக்டரிடம் போய்வந்த பிறகு, பெப்ரவரியில், முர்ஷித்துக்குப் போன் எடுத்து ஜீப்புக்கு ஆள் தெரியுமா என்று கேட்டார். முர்ஷித்தின் மச்சான் ஒருவருக்குப் புத்தளத்துக்கு உள்ளே தென்னங்காணி இருந்தது. மணல் பாதை, மழை காலத்தில் சேறு. வேலையாட்களையும் உரத்தையும் ஏற்றிப்போக அவருக்கு அப்படியொரு வண்டிதான் வேண்டும். வந்து பார்த்தார், சாரதி சீற்றில் ஏறி இருந்தார். அவர் சராசரி உயரம். கூரை எங்கேயோ மேலே இருந்தது. நல்ல இடவசதி என்றார். ரெனால்ட் வண்டியின் திறப்பைக் கொடுத்தார். ஜீப் ஒழுங்கையால் திரும்பிப் போகும்வரை வாசலில் நின்றார், பிறகு மேலே போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டார்.

இப்போது சின்னக் கார். வெள்ளை நிறம், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. தூணுக்கும் பக்கத்து வீட்டாரின் காருக்கும் நடுவில் கதவு முழுக்கத் திறக்கிறது, ரெனால்டே நிறுத்தி இறங்குகிறார். எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஹோட்டல் காவலாளிகள் அவரைப் பின்பக்கம் போய் நிறுத்தச் சொல்கிறார்கள். வேலையில் ஏதும் பிரச்சினையோ என்று றேணுகாவின் சித்தப்பா தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அலுவலக வாசலில் அவர் இறங்கும்போது கார் ஒரு பக்கம் எழும்புவதைப் பார்த்து ஆட்கள் சிரிக்கிறார்கள். முதல் சில வாரம் அது அவரைக் குத்தியது. ஒரு காலையில் எல்லோரும் போன பிறகு இறங்கலாம் என்று காருக்குள்ளேயே இருந்தாராம். இதை அவரே றேணுகாவிடம் சொன்னார். அடுத்த நாளும் அப்படி இருந்தீர்களா என்று அவர் கேட்டார். இல்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது, இறங்கிவிட்டேன் என்றார்.

போன மாதம் கண்டியில் ஒரு கலியாணம். ரெனால்ட், றேணுகா, மாக்ரெட் மூன்று பேரும் உடுப்புப் பைகளும் பரிசுப் பெட்டியும் ஒரு பெரிய கேக்கும் காருக்குள். கேகாலை வரை பிரச்சினை இல்லை. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் கார் முனகியது. ஏசியை நிறுத்தினார்கள். அப்படியும் வேகம் வரவில்லை. கண்ணாடிகளை இறக்கினார்கள். லொறி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது, அதன் பின்னால் ஒரு ஜீப் சத்தமில்லாமல் ஏறிப் போனது. ரெனால்ட் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"அது இருந்திருந்தா இப்ப அஞ்சு நிமிசத்துல மேல போயிருப்போம்," என்றார்.

றேணுகா மறுக்கவில்லை. கேக் வெயிலில் உருகாமல் இருக்க மடியிலிருந்து இறக்கிக் காலடி நிழலில் வைத்தார். மாக்ரெட் பின் சீற்றில் செபமாலையோடு இருந்தார். வலது பக்கம் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிந்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பெண் படமெடுத்து முடித்து, முதல் பந்தி இருந்துவிட்டது. அவர்கள் கையைக் கழுவிவிட்டு இரண்டாம் பந்தியில் இருந்தார்கள்.